மாட்டைப் போல யோசித்தால் பாதை தெரியும்: காட்டுக்குள் மறைந்த வண்டிப்பாதையைத் தேடுவது எப்படி

பென்னாகரம் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது பெரியவர் ஒருவர் சொன்னார்: "கரட்டுக்கு அந்தாண்ட காட்டுக்குள்ள பழைய கல்வெட்டு ஒண்ணு இருக்கு தம்பி, இப்ப அந்தப் பக்கம் யாரும் போறதில்ல." கல்வெட்டு என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அனுமதி வாங்கி, வனக்காவலர் ஒருவரோடு போய்ப் பார்த்தால் அங்கே ஓர் எழுத்துகூட இல்லை. ஓடையின் இரண்டு கரையிலும் கல் கட்டி, மேலே நீளமான பலகைக் கற்களைப் போட்ட ஒரு சின்னப் பாலம்தான் இருந்தது. ரோடு வேலைக்குப் போனவர்கள் வாயில், சின்னப் பாலத்தைச் சொல்கிற கல்வெர்ட் என்ற இங்கிலீஷ் வார்த்தை எப்போதோ கல்வெட்டாகிவிட்டது, அது எனக்குத்தான் தெரியவில்லை. சரி, ஏமாந்தோம் என்று திரும்பும்போதுதான் உறைத்தது: ரோடே இல்லாத காட்டில் பாலம் எதற்கு?

அன்றிலிருந்து இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. நான் தொல்லியல் படித்தவன் இல்லை. லீவு நாளில் காட்டோரம் நடக்கிற ஆள், அவ்வளவுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இப்படித் தேட விரும்புகிறவர்களுக்கு நான் தப்பு செய்து செய்து கற்றதை எழுதி வைக்கிறேன். நான் பார்த்த இடம் சரியாக எது என்று சொல்லவில்லையே என்று கேட்காதீர்கள், காரணம் பின்னால் வரும்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதியட்டும். பாதையைக் கண்ணால் தேடினால் கிடைக்காது. பத்து மழைக்காலத்தில் உன்னிச்செடி மூடிவிடும், கண்ணுக்குப் புதர்தான் தெரியும். பாரம் ஏற்றிய வண்டியை இழுக்கிற மாடு எந்த வழியில் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டு நடந்தால்தான் பாதை வந்து காலில் மாட்டும். இங்கிலாந்தில் கடலோரச் சரிவுகளில் இருக்கிற காடுகளில் 18, 19-ஆம் நூற்றாண்டுப் பண்ணைப் பிரபுக்கள் கோச்சு வண்டியில் காற்று வாங்கப் போவதற்கென்றே பாதை வெட்டினார்கள், கடல் நன்றாகத் தெரிகிற பக்கமாகப் பார்த்து அதை வளைத்துக்கொண்டும் போனார்கள். அங்கே அந்தப் பாதைகளின் மிச்சத்தைத் தேடுகிறவர்களும் சரிவில் வெட்டிய தளம், தாங்கு சுவர், தண்ணீர் போக விட்ட மதகு இதையெல்லாம்தான் பார்க்கிறார்கள். நம் ஊர்ப் பாதை காட்சிக்காக வளையாது, மாட்டுக்காக வளையும். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நம் பக்கம் எத்தனை காலத்துப் பாதைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். தகடூர் என்பதுதான் இன்றைய தருமபுரி. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உப்பு விற்கும் உமணர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் என்ன ஆகுமோ என்று வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போன சேம அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். புறநானூற்றில் 102-ஆம் பாட்டு அது. ஸ்டெப்னி கட்டிக்கொண்டு போகிற அளவுக்கு ஏற்ற இறக்கம் இருந்த பாதை என்று நான் புரிந்துகொள்கிறேன். அப்புறம் 13-ஆம் நூற்றாண்டு எழுத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல். நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழியும் ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சின்னக் குழியும் போட்டிருக்கிறார்கள். தடவிப் பார்த்தே தூரம் தெரிந்துகொள்ளலாம். தாவளம் என்றால் வணிகர்கள் தங்குகிற இடம். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் இந்தக் கல்லைப் பார்க்காமல் வராதீர்கள்.

1792-ல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், நம் பக்கத்தில் பெரும்பகுதி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்தார்கள். பட்டாளத்துக்கும் சரக்குக்கும் கணவாய் வழிகள் தேவைப்பட்டன. பின்னால் 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மோசமாக அடிபட்டது. நிவாரண வேலை என்று ஜனங்களைக் கல் உடைக்கவும் ரோடு போடவும் விட்டார்கள். அதற்கும் பின்னால், கூப்பு என்று மரம் வெட்ட ஒதுக்கிய காட்டுத் துண்டுகளிலிருந்து மரம் இறக்க வந்த கூப்பு ரோடுகள். நீங்கள் பார்க்கிற ஒரே தடம் இத்தனை காலத்திலும் மிதிபட்டிருக்கலாம். அதனால் காட்டில் நின்றுகொண்டு "இது இந்த வருஷத்துப் பாதை" என்று தீர்ப்பு சொல்கிற ஆசையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

வீட்டு வேலையிலிருந்து ஆரம்பிக்கலாம். சர்வே ஆஃப் இந்தியாவின் இணையத் தளத்தில் 1:50,000 அளவு வரைபடங்களை இறக்கிக்கொள்ளலாம். பழைய டோப்போ ஷீட் எண் முறையில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்கள் 57 எல்-லில் வரும், ஓசூர், தேன்கனிக்கோட்டை 57 எச்-சில் வரும், தொப்பூர் பக்கம் போனால் 58 ஐ. பழைய ஷீட் கிடைத்தால் ஓரத்தில் இருக்கிற குறியீட்டு விளக்கத்தை முதலில் படியுங்கள். வண்டிப்பாதைக்கு ஒரு கோடு, பொதிமாட்டுப் பாதைக்கு ஒரு கோடு, ஒற்றையடிப் பாதைக்கு ஒரு கோடு என்று தனித்தனியாகக் காட்டியிருப்பார்கள். பழைய ஷீட்டில் வண்டிப்பாதையாக இருந்து, புதிதில் ஒற்றையடியாகக் குறைந்து, சாட்டிலைட் படத்தில் ஒன்றுமே இல்லாமல் போன இடம்தான் நமக்கு வேண்டியது. ஒரு விஷயம், தருமபுரி மாவட்டம் 1965-ல்தான் பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004-ல். அதற்கு முந்தைய ஆவணம் எல்லாம் சேலம் என்ற பெயரில்தான் இருக்கும். லெ ஃபானு 1883-ல் எழுதிய சேலம் மானுவலும் ரிச்சர்ட்ஸ் 1918-ல் எழுதிய சேலம் கெசட்டியரும் மாவட்ட விவர நூல்கள், இரண்டும் இணையத்தில் ஸ்கேன் படமாகக் கிடைக்கின்றன, கணவாய், ரோடு பற்றிய பகுதிகளை மட்டும் புரட்டினாலே போதும்.

எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று வருவாய்த்துறை ஆவணம். காட்டின் ஓரத்தில் பட்டா நிலங்கள் முடிகிற இடத்தில், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கிற அ-பதிவேட்டைப் பாருங்கள், "வண்டிப்பாதை" என்றே புறம்போக்கு எழுதியிருக்கும். புல வரைபடத்தில் அது ஒரு நீள ரிப்பன் மாதிரி இரண்டு வயலுக்கு நடுவில் நெளிந்து போய்க் காட்டின் எல்லையில் டக்கென்று நிற்கும். இன்றைக்கு அந்த ரிப்பனில் யாராவது மாட்டுக்கொட்டகை போட்டிருப்பார்கள், அது வேறு கதை. ஆனால் காட்டுக்குள் எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே இருக்கிறது. தமிழக அரசின் நிலப்பதிவு இணையச் சேவையில் சர்வே எண்ணைப் போட்டால் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

அப்புறம் ஆட்களிடம் பேசுவது. இதில்தான் நான் அதிகம் சொதப்பினேன். "இங்கே பழைய ரோடு இருக்கா?" என்று கேட்டால் ஒன்று இல்லை என்பார்கள், இல்லாவிட்டால் திப்பு சுல்தான் குதிரையில் போன சுரங்கம் இருக்கிறது என்பார்கள். நம் பக்கம் சுரங்கம் இல்லாத கோட்டையே கிடையாது, அத்தனையும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத்தான் போகும். அதனால் ரோட்டைக் கேட்காதீர்கள், வண்டியைக் கேளுங்கள். சந்தைக்கு வண்டி எந்தப் பக்கமாகப் போகும்? மாட்டுக்கு எங்கே தண்ணீர் காட்டுவார்கள்? எந்த இடத்தில் இறங்கித் தள்ளுவார்கள்? ஒரு பாட்டி எனக்குச் சொன்ன பதில் இது: "எங்கப்பா அந்த ஏத்தம் வந்ததும் எங்க எல்லாரையும் எறக்கி வுட்ருவாரு சாமி. வண்டி மேல போயி புளியமரத்தடியில நிக்கும், நாங்க நடந்து போயி ஏறிக்குவோம்." ஏற்றம் தொடங்குகிற இடம், முடிகிற இடம், நிழல் மரம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிட்டன. ஆடு மேய்க்கிறவர்களிடம் "எந்த இடத்தில் நடக்கச் சுலபம்?" என்று கேளுங்கள். ஆடும் மாடும் பழைய தளத்தை விடுவதே இல்லை, மனுஷன் மறந்த பிறகும் அவை அதிலேயே போய்க்கொண்டிருக்கும்.

இப்போது அனுமதி. இதை ஒதுக்கிவிட்டுக் காட்டுக்குள் போகாதீர்கள், விளையாட்டு இல்லை. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் வருட வனச் சட்டப்படியே குற்றம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கக் காடுகளில் பெரும்பகுதி 2014-ல் அறிவித்த காவிரி வடக்கு, 2022-ல் அறிவித்த காவிரி தெற்கு என்ற இரண்டு வனவிலங்கு சரணாலயங்களுக்குள் வருகிறது, அங்கே விதி இன்னும் கெடுபிடி. மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, எந்தப் பகுதி, எத்தனை பேர், எந்தத் தேதி என்று தெளிவாகச் சொல்லுங்கள். கூட ஒரு வனக்காவலரோ வேட்டைத்தடுப்புக் காவலரோ வருவது உங்களுக்குத்தான் நல்லது, யானை சத்தத்துக்கும் கிளை முறிகிற சத்தத்துக்கும் வித்தியாசம் அவருக்குத்தான் தெரியும். கேழ்வரகு முற்றுகிற பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாக இறங்கித் தேன்கனிக்கோட்டைப் பக்கம் வரும், அந்த மாதங்களில் அந்தப் பக்கம் தலையே வைக்காதீர்கள். எப்படிப் பார்த்தாலும் மாசி, பங்குனிதான் சரியான நேரம். இலை உதிர்ந்து தரை தெரியும், வெயிலும் சித்திரை அளவுக்கு ஏறியிருக்காது.

எடுத்துப் போக வேண்டியது கொஞ்சம்தான். 50 அடி டேப், கொத்தனார் வைத்திருக்கிற மாதிரி, 10 மீட்டர் தள்ளி நிற்கிற இரண்டு பேருக்கும் தாராளமாக எட்டுகிற ட்யூப் மட்டம், ஒரு மீட்டர் குச்சியில் 10 செ.மீ.க்கு ஒரு தரம் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்தது, நோட்டு, பென்சில், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கடப்பாரை, மண்வெட்டி கூடவே கூடாது. வேலைக்குத் தேவையில்லை என்பது ஒரு காரணம், கையில் கடப்பாரையோடு காட்டில் நிற்கிறவனைப் புதையல்காரன் என்றோ சந்தனக்கட்டைக்காரன் என்றோ நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்?

காட்டில் முதலில் பார்க்க வேண்டியது தளம். மலைச்சரிவில் இயற்கையாக எட்டு பத்து அடி அகலத்துக்குச் சமமான திட்டு நீளமாக வராது. மேல்பக்கம் மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கம் போட்டு நிரவினால்தான் வரும். மேல்பக்கம் செங்குத்தான வெட்டு, நடுவில் தட்டை, கீழ்ப்பக்கம் திடீர்ச் சரிவு என்று குறுக்குவாட்டில் ஒரு படிக்கட்டு மாதிரி தெரிந்தால் நின்றுவிடுங்கள். இரண்டு பக்கமும் ஐம்பது அடி நடந்து பாருங்கள். அந்தப் படி விடாமல் தொடர்ந்தால் அது யாரோ வேலை செய்து போட்டது. மத்தியானத்தில் இது கண்ணுக்கே தெரியாது. காலை ஏழரைக்கோ மாலை ஐந்துக்கோ வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், அதே இடம் கோடு போட்ட மாதிரி எழுந்து நிற்கும்.

அடுத்து ஏற்றத்தை அளப்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி. ட்யூப் மட்டத்தில் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டி, தளத்தின் நடுவில் 10 மீட்டர் தள்ளி இரண்டு பேர் நில்லுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கிற உயரத்தைத் தரையிலிருந்து அளந்தால் வித்தியாசம்தான் ஏற்றம். 10 மீட்டருக்கு 50 செ.மீ. வந்தால் 20-க்கு 1, பாரவண்டிக்குச் சுகமான ஏற்றம். 65, 70 செ.மீ. வந்தால் 15-க்கு 1, மாடு மூச்சு வாங்கும், ஆனால் போய்விடும். 10-க்கு 1 வந்துவிட்டால் இன்னொரு வண்டியின் மாட்டை அவிழ்த்துக் கூடப் பூட்ட வேண்டும், அந்த மாதிரி இடம் ஒரு பாதையில் ஒன்றிரண்டு குட்டையாக இருக்கலாம், நெடுக இருக்காது. இப்படிப் பத்துப் பதினைந்து இடத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். எண்கள் பெரிதாக மாறாமல் ஒரே மாதிரி வந்தால், மட்டம் பார்த்து, திட்டம் போட்டு வெட்டிய ரோடு. எண்கள் தாறுமாறாக இருந்தால் காலால் நடந்து நடந்து உண்டான தடம். அது இன்னும் பழையதாகவும் இருக்கலாம், நேற்றைய ஆட்டுத்தடமாகவும் இருக்கலாம்.

ஏற்றம் மிக மிக மெதுவாக, 100 அடிக்கு இரண்டு அடிகூட ஏறத் தயங்குகிற மாதிரி இருந்து, வளைவுகளும் பெரிய வட்டமாக இருந்தால், கொஞ்சம் நில்லுங்கள். அது ரோடே இல்லாமல் இருக்கலாம். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் இரண்டரை அடி அகல சின்ன ரயில் ஓடியது, 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது, 1941-ல் போர்க்காலத்தில் மூடித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிக்கும் 1905-லிருந்து அதே மாதிரி ஒரு ரயில் இருந்தது. அந்தக் கரைகளும் வெட்டுகளும் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு கரையை வண்டிப்பாதை என்று அளந்துகொண்டிருந்தேன், கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூட வரவில்லையே என்று சந்தேகம் வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. ரயில் கரை பள்ளத்தை நிரவி நேராகப் போகும். வண்டிப்பாதை பள்ளத்தை ஒட்டி வளைந்து உள்ளே போய், ஓடையைக் குறுகலான இடத்தில் தாண்டி வெளியே வரும்.

கூப்பு ரோடும் ஏமாற்றும். லாரிக்காக வெட்டியது அகலமாக இருக்கும், தாங்கு சுவர் இருக்காது, புல்டோசர் தள்ளிய மண் கீழ்ச்சரிவில் குவியல் குவியலாகக் கிடக்கும். நீர் தேக்கப் போட்ட வரப்பு, பழைய கொல்லையின் கல்கட்டு இவையும் தளம் மாதிரியே தெரியும், ஆனால் அவை சம உயரத்திலேயே போகும், எங்கேயும் ஏறாது.

தளம் உறுதியானால் கீழ்ப்பக்கத்துத் தாங்கு சுவரைத் தேடுங்கள். பெரும்பாலும் சாந்தில்லாமல் கல்லை அடுக்கிச் சிறு கல்லை ஆப்பாகச் செருகியிருப்பார்கள். சுவர் மலைப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். கற்களின் முகத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் ஆப்பு அடித்துப் பிளந்த கல். பாதி வெட்டிய குழாய் மாதிரி நீளமான தடம் இருந்தால் துளை போட்டு வெடிமருந்து வைத்து உடைத்தது. கம்ப்ரசர் துளை நேராக, ஒரே அளவாக இருக்கும், கையால் அடித்த துளை கொஞ்சம் கோணலாக, முனைக்குப் போகப் போகக் குறுகிப் போகும். சுவரில் வெள்ளையாகச் சாந்து தெரிந்து அதில் செங்கல் பொடியின் சிவப்புத் துகள் இருந்தால் சுர்க்கி கலந்த சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் சிமெண்ட், பிறகு யாரோ செய்த ரிப்பேர்.

நான் முதலில் பார்த்த அந்தக் கல்வெர்ட்டையே மறுபடியும் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வருகிற பக்கத்துச் சுவர் மட்டும் இரண்டு சிறகு மாதிரி விரிந்து ஓடையை வாய்க்குள் திருப்பிவிடுகிறது. மேலே ஐந்து பலகைக் கல், ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம், அடிப்பக்கம் கொத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல. நாலாவது கல்லை ஒரு ஆச்சா மரத்தின் வேர் ஒரு சாண் தூக்கிவிட்டிருந்தது. அந்த இடுக்கில் எட்டிப் பார்த்தபோதுதான் ரோட்டின் வயிறு தெரிந்தது. மேலே ஒரு விரல் கனத்துக்கு மக்கிய இலை, அதன் கீழே செம்மண் கலந்த சரளை, அதற்கும் கீழே உடைத்த ஜல்லி நெருக்கமாக, முனைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கிடந்தன.

கப்பி ரோடு என்று நாம் சொல்கிறோமே, அதுதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன முறை இது. உருண்டைக் கல் கூடாது, முனையுள்ள உடைகல் வேண்டும், எந்தக் கல்லும் 6 அவுன்ஸுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 170 கிராமுக்கு மேல் போகக் கூடாது, வண்டி ஓட ஓட அவையே இறுகிக்கொள்ளும், நடுவில் ஆமை முதுகு மாதிரி கொஞ்சம் மேடாக இருந்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடிவிடும். காட்டில் இதைக் கண்டுபிடிக்கத் தோண்டவே வேண்டாம். வேர் புரட்டிய இடம், ஓடை அறுத்த கரை, முள்ளம்பன்றி பறித்த குழி, இவை எல்லாம் இலவசமாகக் கிடைக்கிற வெட்டுமுகங்கள். அந்த முகத்தில் ஜல்லி ஒரே அளவாக ஒரு பட்டையாகத் தெரிந்தால் மீட்டர் குச்சியைச் சாத்தி வைத்துப் படம் எடுங்கள், ஒவ்வொரு அடுக்கும் எத்தனை செ.மீ. என்று எழுதுங்கள், ஒரு கல்லைக்கூட உருவாதீர்கள்.

மலைப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் ஓடியிருக்கும், அதையும் தேடுங்கள். மலையிலிருந்து வருகிற தண்ணீரை ரோட்டின் மேல் விடாமல் பிடித்துக் கல்வெர்ட்டுக்குக் கொண்டுபோக வெட்டியது. பெரும்பாலும் மண் மூடி ஒரு லேசான பள்ளமாகத்தான் தெரியும், அதில் மட்டும் புல் பச்சையாக இருக்கும்.

பாறை வருகிற இடம் என்றால் எனக்குக் கொண்டாட்டம். பாறைமேல் வண்டி ஓடியிருந்தால் சக்கரத்தடம் பதிந்திருக்கும். முதலில் உங்கள் ஊரில் மிச்சமிருக்கிற ஒரு கட்டை வண்டியை அளந்துகொள்ளுங்கள், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே எத்தனை அடி, இரும்புப் பட்டா எத்தனை விரல் அகலம் என்று. பட்டா போட்ட சக்கரம் பாறையில் குறுகலான வழவழப்பான பள்ளம் போடும், டயர் வண்டியும் ஜீப்பும் பாறையை அப்படித் தேய்க்காது. இறக்கத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து இறக்குவார்கள், அந்த மாதிரி இடங்களில் சக்கரம் சுழலாமல் இழுபட்டு நீளமான கீறல் விழுந்திருக்கும். பள்ளத்தில் விரலை வைத்து ஓட்டிப் பாருங்கள், அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தால் சக்கரமாக இருக்கலாம், சொரசொரப்பாக இருந்தால் தண்ணீர் அரித்ததாகவோ பாறை விரிசலாகவோ இருக்கலாம்.

லாடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மாட்டுக் குளம்பு பிளந்தது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு, ஒரு மாட்டுக்கு எட்டு. கட்டைவிரல் நீளத்தில் பிறை மாதிரி, ஆணித்துளைகளோடு இருக்கும். குதிரை லாடம் ஒரே துண்டாக, வளைந்து இருக்கும். நான் பார்த்த ஒன்று துருவேறிப் பாறை நிறத்துக்கே போயிருந்தது, அதில் ஒரு ஆணி இன்னும் மடங்கிய நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜேபியில் போட்டுக்கொள்ளக் கை பரபரக்கத்தான் செய்யும். போடாதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, எந்தத் தளத்தில், ஓரத்திலிருந்து எத்தனை அடியில் கிடந்தது என்று எழுதிவிட்டு அங்கேயே விடுங்கள். இடத்தை விட்டு எடுத்தால் அது வெறும் பழைய இரும்பு.

பாதையைவிடப் பாதையோரம் அதிகம் பேசும். சுமைதாங்கிக் கல் தெரியும்தானே, இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் படுக்க வைத்தது, தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கவும் ஏற்றிக்கொள்ளவும் வசதியாக ஆள் உயரத்துக்கு இருக்கும். பிள்ளைப்பேற்றுக்கு முன் இறந்த கர்ப்பிணிகள் நினைவாக நட்டவை பல. அது ஏற்றத்தின் அடியிலோ உச்சியிலோ நிற்கும், எங்கே மூச்சு வாங்குமோ அங்கே. நம் மாவட்டத்து நடுகற்களையும் கவனியுங்கள், பலவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். நடுகல் இருப்பதால் பாதை இருந்தது என்று உடனே முடிவுகட்ட முடியாது, ஆனால் நடுகல், படிக்கிணறு, வயசான புளியமரங்கள் மூன்றும் ஒரே வரிசையில் வந்தால் நான் மட்டத்தை எடுத்துவிடுவேன். நடுக்காட்டில் புளியமரம் வரிசையாக முளைக்காது, இடைவெளியை அளந்து பாருங்கள், ஒரே அளவாக இருந்தால் நட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், பூசாரியைக் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். எழுத்து தெரிவதற்காக மைதா மாவு, சுண்ணாம்பு, சாக்பீஸ் தடவுவதை எல்லோரும் செய்கிறார்கள், தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். இருட்டியதும் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் எழுத்து தானாகத் தெரியும்.

பதிவு செய்கிற முறைக்குப் பெரிய கணக்கு இல்லை. 50 அடிக்கு ஒரு தரம் நின்று, தளத்தின் அகலம், ஏற்றம், சுவர் உண்டா, வாய்க்கால் உண்டா என்று ஒரு வரி எழுதுங்கள். போன் ஜிபிஎஸ் மரத்தடியில் பத்து மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும், வானம் தெரிகிற இடத்தில் மட்டும் புள்ளி எடுத்து நடுவில் டேப்பால் இழுத்துக்கொள்ளுங்கள். படத்தில் மீட்டர் குச்சி இருக்க வேண்டும், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று நோட்டில் இருக்க வேண்டும். பாதை காணாமல் போகிற இடத்தையும் எழுதுங்கள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நாலு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்துத் துண்டும் சேர்கிற இடம் அங்கேதான் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் குறிப்பையும் படத்தையும் மாநிலத் தொல்லியல் துறைக்கோ, தருமபுரி அகழ்வைப்பகத்துக்கோ, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ கொடுங்கள். காசோ நகையோ கண்ணில் பட்டால் தொடாமல் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள், மண்ணுக்குள் கிடைக்கிற பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் சொல்லியாக வேண்டும் என்று 1878-ஆம் வருடப் புதையல் சட்டம் சொல்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் லொகேஷன் போடாதீர்கள். நான் ஒரு தரம் ஒரு நடுகல் படத்தை இடத்தின் பெயரோடு போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் போனால் கல் குப்புறக் கிடந்தது, அடியில் இடுப்பளவுக் குழி, பக்கத்தில் எலுமிச்சம்பழமும் கரிந்த சூடமும். நான் பார்த்த பாதையும் கல்லும் சரியாக எங்கே என்று இந்தக் கட்டுரையில் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

கடைசியாக ஒன்று, முடிந்தால் ஒரு தரம் ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், அனுமதியோடு, யானை இல்லை என்று உறுதி செய்துகொண்டு போய்ப் பாருங்கள். கோடையில் தெரியாத வாய்க்கால் அன்றைக்குத் தண்ணீரே காட்டிக்கொடுக்கும். நானும் அந்தக் கல்வெர்ட்டுக்கு அப்படித்தான் போனேன். மேலே ரோடு போய் எத்தனை வருஷமோ, கீழே மட்டும் சிறகுச் சுவரில் மோதித் திரும்பி, மண் கலங்கிய தண்ணீர் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. திரும்பும்போது டீக்கடைப் பெரியவர் கேட்டார்: "என்னா தம்பி, கல்வெட்டுல என்ன எழுதியிருந்துச்சு?"